எட்டுக் காலுக்கும் ரப்பர்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, மற்றபடி பல்லைத் தவிர எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறாதே என்று உன் மகள் சொல்லியிருப்பாள். நீ கேட்டிருக்க மாட்டாய்.

போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. நாற்பத்தொரு வருஷமாக நான் முக்கியமான எதையும் போனில் பேசுவதில்லை என்று உனக்கே தெரியும். இங்கே போன் அலுவலக மேஜையில் இருக்கிறது. பக்கத்தில் எப்போதும் ரெண்டு காது உட்கார்ந்திருக்கும். எங்களிடம் இருந்த கைபேசியை, என்னோடு அறையில் இருக்கும் அவர் பிரித்துப் போட்டிருக்கிறார். சரி செய்கிறாராம். வாட்ச் ரிப்பேர் செய்த கைக்குக் கைபேசி அடங்குமா?

விஷயத்துக்கு வருகிறேன். இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. இரண்டாம் மாடி, பதினாலாம் நம்பர் அறை. இரண்டு இரும்புக் கட்டில், நடுவில் ஒரு சின்ன அலமாரி. நானும் அவரும் அக்கா தங்கை பிள்ளைகள், அவர் பெரியம்மா மகன் என்று பதிவேட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். விளக்கணைத்த பிறகு கட்டில்கள் கொஞ்சம் நகரும். காலை ஐந்தரைக்கு, டீ வண்டி வருவதற்கு முன்னால், திரும்பப் போய்த் தன் இடத்தில் நிற்கும். ஏன் என்று நீ கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

ரெண்டு வருஷம் நகர்ந்ததில் தரையில் வில் மாதிரி கீறல் விழுந்துவிட்டது. நான் ஒரு மிதியடியைப் போட்டு மறைத்து வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டு மேலே வந்து பார்க்கிறேன், எட்டுக் காலுக்கும் கறுப்பு ரப்பர் மாட்டியிருக்கிறது. ஊன்றுகோலுக்கு அடியில் மாட்டுவார்களே, அது. மிதியடி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. கீறலின் மேல் மெழுகு தேய்த்திருக்கிறார்கள்.

நான் உடனே கதவைத் தாழ்போட்டேன். அவர் மட்டும், "நல்லதுதானே, இனிமே சத்தம் வராது" என்றார்.

"இத்தனை நாள் சத்தம் யாருக்கோ கேட்டிருக்குன்னு அர்த்தம்ங்க" என்றேன்.

எங்கள் அறைச் சாவி இரண்டு பேரிடம்தான் இருக்கிறது. ஒருவர் நவம்பரில் வந்த புது மேலாளர். இன்னொருத்தி எங்கள் மாடியைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்; இடுப்பில் முப்பது சாவி தொங்கும், அதனால் எல்லாருக்கும் அவள் சாவிக்கொத்து. இரண்டு பேர் மேலும் ஒரு கண் வைத்திருக்கிறேன். யாரோ நோட்டம் பார்க்கிறார்கள் அக்கா.

மகளையும் மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி

---

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். முழங்கால் தன் இஷ்டப்படி இருக்கிறது, நானும் அதன் இஷ்டப்படி இருக்கிறேன். மகள் நலம். மாப்பிள்ளைக்குத் தொந்தியைத் தவிரக் குறையில்லை.

ரப்பர் மாட்டியவர்கள் ரப்பர் மாட்டினார்கள். தரை கீறாமல் இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். உனக்குத்தான் சின்ன வயசிலிருந்தே, யாராவது மிட்டாய் கொடுத்தால் காகிதத்தைப் பிரிப்பதற்கு முன் முகர்ந்து பார்க்கிற புத்தி.

புது மேலாளர் ஆணா, பெண்ணா? என்ன வயசிருக்கும்? அலுவலகத்தில் எந்த நேரம் இருப்பார்? உங்கள் இல்லத்துக் கடிதத்தாளில் மேலே ஒரு நம்பர் இருக்கிறதே, இப்போதும் அதுதானா? அவசர ஆத்திரத்துக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

உன் சிநேகிதருக்கு என் வணக்கம். குளிர் அதிகம் என்றால் காலுறை போட்டுக்கொண்டு படு.

அக்கா

---

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, மனசுதான் இருப்புக் கொள்ளவில்லை. நீ நலம்தானே?

மேலாளர் பெண். ஐம்பது வயசிருக்கும். காலை பத்திலிருந்து ஒன்று வரை அலுவலகம். நம்பர் அதேதான்.

என்னோடு இருக்கும் அவருக்கு மறதி வந்திருக்கிறது அக்கா. டாக்டர் ஏதோ பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. எல்லாருக்கும் முதலில் சாவி மறக்கும், கிழமை மறக்கும் என்கிறார்கள். இவருக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. எங்கள் பொய்தான் முதலில் மறந்து போயிற்று.

போன வாரம் சாவிக்கொத்து மாத்திரையோடு வந்தாள். நான் குளியலறையில் இருந்தேன்.

"ஐயா, உங்க தம்பி எங்கே?" என்றாள்.

"எந்தத் தம்பி? எனக்குத் தம்பியே கிடையாதும்மா."

"பதினாலாம் நம்பர் தையல் மாஸ்டர்தான் ஐயா."

"அவனா? அவன் என் ஆளு. ஒரே ஒரு சட்டைக்கு அளவெடுக்கணும்னு என்னை மூணு தடவை வரச் சொன்னான். எந்தத் தையல்காரன் மூணு தடவை அளவெடுப்பான்? அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு."

சோப்பு நுரையோடு நான் கதவுக்குப் பின்னால் சிலையாக நின்றேன். அவள் சிரித்துவிட்டு, "அப்படியா ஐயா, நல்லா மாட்டினீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் சில மாதத்தில் அவரைக் கீழ்த்தளத்துப் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். அந்தக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: "உடன் தங்க அனுமதி கணவன் அல்லது மனைவிக்கு மட்டும். பிற உறவினர் பார்க்கும் நேரம் மாலை 4 முதல் 5 வரை." பெரியம்மா மகனுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். காலையில் கண் விழித்ததும் பக்கத்தில் என்னைத் தேடுவார். நான் மாடியில் உட்கார்ந்து நாலு மணி எப்போது ஆகும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்று நினைப்பாய். இதற்கு முன்னால் இருந்த இல்லத்தில் சொன்னோம். சேர்க்கும்போது அந்த ஆள் தேனாகப் பேசினான். "சும்மா சொல்லுங்க, நாங்க எல்லாத்தையும் பாத்தவங்கதான்" என்றான். சொன்னோம். ஒரே வாரத்தில் சாப்பாட்டு மேஜையில் எங்களைச் சுற்றி நாலு நாற்காலி காலி. குளிக்க வைக்க வருகிறவன் கையுறைக்கு மேல் கையுறை போட்டான். இடமில்லை என்று சொல்லி அவரை மூன்றாம் மாடிக்கும் என்னைத் தரைத்தளத்துக்கும் பிரித்தார்கள். மூன்று மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். இனிமேல் அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

ஒருத்தர் வாயைத் திறந்ததால் நான் அப்பா வீட்டையே இழந்தவன். அத்தானைச் சொன்னால் உனக்குப் பிடிக்காது, அவரும் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் சொல்கிறேன். அத்தான் என் தையல் கடைக்குத் துணியோடு வந்து நின்ற அன்று, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே "கடை மூடியாச்சு" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

உடனே பதில் போடு. யாரிடம் யோசனை கேட்பது, உன்னை விட்டால்?

உன் தம்பி

---

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இல்லையென்றால் ஒரு வரி போட என்ன கேடு?

நான் சொன்னேனே நோட்டம் பார்க்கிறார்கள் என்று, இப்போது வலையே விரித்துவிட்டார்கள். போன வாரம் சாப்பாட்டுக் கூடத்தின் கதவைச் சாத்திக்கொண்டு பணியாளர்கள் எல்லாருக்கும் ரெண்டு மணி நேரம் வகுப்பு நடந்தது. வெளியே வந்தவர்கள் முகத்தில் ஒரே குழைவு. முடி வெட்டுகிறவர், "ஐயா, உங்களை எப்படிக் கூப்பிட்டா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேட்கிறார். "இத்தனை நாள் எப்படிக் கூப்பிட்டியோ அப்படியே கூப்பிடுப்பா" என்றேன்.

இன்று காலை புதுப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். அதில் இப்படி இருக்கிறது: "உங்களுக்கு மிகவும் நெருக்கமானவர் யார்? அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதை உங்கள் சொல்லிலேயே எழுதுங்கள். பராமரிப்புப் பிரிவில் உங்களுடன் தங்க யாரை விரும்புகிறீர்கள்?"

ஏன் திடீரென்று இந்த அக்கறை? அறுபத்திரண்டு பேருக்கும் கொடுத்திருக்கிறார்களாம். அது வெறும் கண்துடைப்பு, வலை எங்களுக்குத்தான். நம் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு, அதையே காட்டி வெளியே அனுப்புவார்கள். என் படிவத்தையும் அவருடையதையும் மெத்தைக்கு அடியில் செருகிவிட்டேன். "என்னோடது எங்கே, என்னோடது எங்கே" என்று அவர் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தம்பி

---

மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

காய்ச்சல் அடித்தது, இப்போது தேவலை. அதுதான் தாமதம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

படிவத்தை நிரப்பிக் கொடு. வலையும் கிடையாது, வாளும் கிடையாது. அந்த அம்மா பேசும்போது அவசரப்படாத மனுஷி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர். கீழ்த்தளத்தில் கிழக்குப் பக்கம் இரண்டு கட்டில் போட்ட அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னலும் பெரிது. தள்ளிப் போட்டால் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

நான் சொல்வதை ஒரு தடவையாவது கேள். உன் சிநேகிதரை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

---

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காய்ச்சல் விட்டதில் நிம்மதி. கஷாயம் எதையும் வைத்துக் குடிக்காமல் டாக்டரைப் பார். உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

சாவிக்கொத்துதான் என்று முடிவாகத் தெரிந்துவிட்டது. அவர் உளறியது அவளிடம். ரப்பர் மாட்டியதும் அவள்தான். காவலாளியே சொன்னான், கடையில் எட்டு வாங்கி வரச் சொன்னாளாம். அவள் மேலிடத்தில் போட்டுக் கொடுக்காமல் இந்த வகுப்பும் படிவமும் எங்கிருந்து குதிக்கும்? ஒரு முழுத் தாளில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அனுமதியில்லாமல் அறைக்குள் நுழைகிறாள், பொருள்களைத் தொடுகிறாள், நோயாளியின் வாயைக் கிளறுகிறாள், வெளியே கதை பரப்புகிறாள் என்று. பழைய இல்லத்து ஆட்கள் கையில் அடிபட்டுக் கற்றுக்கொண்டவன் நான். அவர்கள் நம்மேல் எழுதுவதற்கு முன்னால் நாம் அவர்கள்மேல் எழுதிவிட வேண்டும்.

விசாரணை முடியும்வரை அவளைச் சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும் என்கிறார்கள். மாடியில் சாவிச் சத்தமே இல்லை. "அந்தப் பொண்ணு எங்கே, அந்தப் பொண்ணு எங்கே" என்று இவர்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். புதிதாக வந்தவள் மாத்திரை கொடுத்தால் வாயை இறுக்கிக்கொள்கிறார்.

எல்லாரும் சுகமாக இருக்கட்டும்.

உன் தம்பி

---

மார்ச் 20

தம்பி,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் கீழே போய் அந்தப் புகாரைத் திரும்ப வாங்கு. அந்தப் பெண் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஒருத்தி பிழைப்பில் மண்ணைப் போடாதே.

அக்கா

---

மார்ச் 26

அக்காவுக்கு,

நான் நலம். நீ நலம் என்றே நினைக்கிறேன். உன் கடைசிக் கடிதத்தில் நலத்துக்கு இடமில்லை.

உனக்கு எப்படித் தெரியும்?

நான் தையல்காரன். யாராவது சட்டை கொண்டு வந்தால் வெளிப்பக்கம் பார்க்க மாட்டேன், உள்ளே திருப்பித் தையலைப் பார்ப்பேன். உன் மார்ச் எட்டாம் தேதிக் கடிதத்தை நேற்று அப்படித் திருப்பிப் பார்த்தேன். கிழக்குப் பக்கம் இரண்டு கட்டில் அறை, பெரிய ஜன்னல். அந்த அறையை நானே பார்த்ததில்லை. உனக்கு எழுதவும் இல்லை. மேலாளர் பேசும்போது அவசரப்படாதவர் என்று எழுதியிருக்கிறாய். அவர் எப்படிப் பேசுவார் என்று நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. ஜனவரியில் நம்பரைக் கேட்டாய், நேரத்தைக் கேட்டாய். நானும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன்.

நீ போன் செய்திருக்கிறாய். என்ன சொன்னாய்? எவ்வளவு சொன்னாய்? யாரைக் கேட்டுச் சொன்னாய்?

மறைக்காமல் எழுது. என்னிடம் காது குத்தாதே.

தம்பி

---

ஏப்ரல் 19

அன்புத் தம்பிக்கு,

நீ நலமா? உன்னவர் நலமா? நாற்பத்தொரு வருஷமாக "உன் சிநேகிதர்" என்றே எழுதி வந்தேன். இந்தச் சொல்லை எழுதப் பேனாவை எடுத்துப் பதினைந்து நாள் ஆயிற்று.

ஆமாம், நான்தான் போன் செய்தேன். பிப்ரவரியில் உன் கடிதம் வந்த அன்று. "கதவில் மாட்டியிருக்கும் பலகையால் என் தம்பியும் அவன் துணைவரும் பிரியப் போகிறார்கள். நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா?" என்று கேட்டேன். அந்த அம்மா நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அவர் வாயால சொல்லாத வரைக்கும் எனக்கு இது தெரியாதும்மா. நீங்க சொன்னதை வெச்சு நான் எதையும் செய்யக்கூடாது. ஆனா எங்க படிவம் தப்பா இருக்கு, அதை எல்லாருக்கும் மாத்தறேன்" என்றார். கிழக்குப் பக்கத்து அறையைப் பற்றி நானாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதில் அந்தச் சாவிக்காரப் பெண் எங்குமே இல்லை.

உன்னைக் கேட்காமல் செய்தது தப்பு. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால் கேட்கவில்லை. இது முதல் தடவையும் இல்லை.

இதைச் சொல்லாமல் செத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இப்போது நீ ஒருத்தி வேலையைப் பறிக்கப் பார்க்கிறாய். இனிமேல் முடியாது.

நீ அப்பா வீட்டை இழந்த அந்த வருஷம் உன்னவர் வெளியூரில் கடிகாரக் கம்பெனியில் வேலை பழகப் போயிருந்தார். அங்கிருந்து உன் கடைக்கு எதிர்க்கடைப் போனுக்கு ஒரு டிரங்க் கால் வந்தது. நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அன்று அந்த லைன் என் கையில். இணைத்துவிட்டு, பேச்சு என் காதில் விழாமல் இருக்க சுவிட்ச் சாவியை மேலே தள்ளியிருக்க வேண்டும். உன் குரல் கேட்டது. தள்ளவில்லை. மூன்று நிமிஷம், இன்னும் மூன்று, இன்னும் மூன்று. ஒன்பது நிமிஷமும் காதில் வைத்தபடியே இருந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னது நான். உன் அத்தான் இல்லை. அவர் அப்பாவோடு சீட்டாடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நீ உள்ளே நுழைந்தபோது அப்பா கத்தினார், அத்தான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், நான் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தேன். நீ அவரைப் பார்த்தாய். முடிவு செய்துகொண்டாய்.

ஏன் சொன்னேன்? பயத்தில் என்று எழுதி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். பயமில்லை. அந்த ஒன்பது நிமிஷத்தில் நீ சிரித்தாய். என்னிடம் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. என் தம்பிக்கு இப்படி ஒரு சிரிப்பு இருப்பது எனக்கே தெரியாதே என்று பற்றி எரிந்தது. பொறாமைதான் தம்பி, வேறொன்றுமில்லை.

"அவன்கிட்ட நீயே சொல்லிடு" என்று அத்தான் வருஷாவருஷம் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. உன் கடையிலிருந்து திரும்பி வந்த அன்று, "கடை மூடியிருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தச் சாம்பல் நிறப் பேன்ட் துணி இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது. வேறு தையல்காரரிடம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் முதலில் அந்தப் புகாரைத் திரும்ப வாங்கு.

அக்கா

---

மே 14

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உன் கடிதம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கும் உரிமை எனக்கில்லை.

உன்னவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் ஒரு வரி எழுது. இந்தத் தடவை நான் யாருக்கும் போன் செய்து கேட்கவில்லை.

அக்கா

---

ஜூன் 2

அக்காவுக்கு,

நான் நலம். அவரும் நலம், என் பெயர் சில நாள் மறக்கிறது, நான் யார் என்பது மறக்கவில்லை. உன் முழங்கால் எப்படி?

உன் ஏப்ரல் கடிதத்தை ஒரு வாரம் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னென்ன திட்டினேன் என்று எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும். அதைவிட மோசம், மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே "கடை மூடியாச்சு" என்று நான் சொன்னபோது அத்தான் முகம் எப்படி இருந்தது என்று ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நிமிஷம் மிஷினைப் பார்த்தார். பிறகு துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "சரிப்பா, வர்றேன்" என்றார். வருத்தமில்லை என்று உனக்குத் திமிராக எழுதினேனே. அவர் சாவுக்குக்கூட வராதவன் நான். யார் காலில் போய் விழுவது இப்போது?

இன்னொருத்தியையும் அப்படிச் செய்ய வேண்டாம் என்று மேலாளர் அறைக்குப் போனேன். புகாரைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுத வேண்டும் என்றால் ரப்பர் எதற்கு என்று எழுத வேண்டும். அந்த அம்மா சாவிக்கொத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சோப்புத் தண்ணீரில் அவள் விரலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"விசாரணையில இவங்க ஒண்ணுமே சொல்லலை. 'தரை கீறுச்சு, மாட்டினேன்'னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றாங்க" என்றார் மேலாளர்.

நான் அவளைப் பார்த்து, "எதுக்கும்மா மாட்டினே?" என்றேன்.

"தரை பாலிஷ் போட ஆள் வர்றதா இருந்துச்சு ஐயா. கீறலைப் பாத்தா, கட்டிலை ஏன் நகத்துறாங்கன்னு கேப்பாங்க. அதான் மெழுகு தேச்சு மாட்டி வெச்சேன்."

"இதை விசாரணையில சொல்லியிருக்கலாமே. வேலை போயிருக்குமே உனக்கு?"

"எப்படிச் சொல்றது? அது உங்க விஷயம் ஐயா. நீங்களே சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?"

அவளுக்கு ஒரு வருஷமாகத் தெரியுமாம். எழுபத்துமூன்று வயசில் முதல் தடவையாக, யாரும் கேட்காமல், என் வாயால் சொன்னேன். "அவர் எனக்கு அண்ணன் இல்லம்மா. நாப்பத்தொரு வருஷமா நாங்க ஒண்ணா வாழறோம்." கூரை இடிந்து விழவில்லை. மேலாளர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பிறகு ஒரு கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அவருடைய படிவம். நான் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்த அதே நாள், இவர் தனியாகக் கீழே போய், வேறு ஒன்று கேட்டு வாங்கி, அங்கேயே நின்று நிரப்பிக் கொடுத்திருக்கிறார். வாட்ச்காரர் எழுத்து, எறும்பு ஊர்வதுபோல். "உடன் தங்க: என் ஆளு, பதினாலாம் நம்பர். அவன் கொஞ்சம் பயந்தவன், அவனை வற்புறுத்த வேண்டாம்."

"ரெண்டு பேரும் எழுதினாத்தான் செல்லும். உங்களுக்காகத்தான் பிப்ரவரியிலேருந்து காத்துக்கிட்டிருந்தோம்" என்றார் அந்த அம்மா.

அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். உறவு என்ற இடத்தில் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஒன்றாவது உன் காதுக்கு வராமல் இருக்கட்டும்.

சாவிக்கொத்து மாடிக்குத் திரும்பி வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டேன். "சலவைக்கூடத்துல ரெண்டு மாசம் உங்க சட்டையெல்லாம் நான்தான் துவைச்சேன் ஐயா, காலர்ல கஞ்சி கூடுதலாப் போட்டுப் பழி வாங்கிட்டேன்" என்றாள். நானும் கழுத்து ஏன் இப்படி அறுக்கிறது என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன திங்கட்கிழமை கிழக்குப் பக்கத்து அறைக்கு வந்துவிட்டோம். நீ சொன்ன மாதிரி ஜன்னல் பெரிதுதான். கட்டில் இரண்டையும் அவர்களே சேர்த்துப் போட்டிருந்தார்கள். முதல் நாள் காலை ஐந்தரைக்குப் பழக்க தோஷத்தில் எழுந்து என் கட்டிலை இழுத்தேன். அவர் கண் விழித்து, "எங்கேடா இழுத்துக்கிட்டுப் போற?" என்றார். "டீ வண்டி வந்துடும்ங்க" என்றேன். "வந்தா குடி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கட்டிலைத் திரும்பத் தள்ளி வைத்தேன். சந்தேகம் இன்னும் விடவில்லை. டீ கொண்டு வந்தவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். அவன், "சர்க்கரை போடலாமா ஐயா?" என்றான். எனக்குச் சர்க்கரை இருப்பதுகூட அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. பொய்யாக எழுதவும் இஷ்டமில்லை. பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது. நேரில் வா. முழங்காலுக்குக் கஷ்டமில்லை, தரைத்தளம்தான். வரும்போது அந்தச் சாம்பல் நிறத் துணியை எடுத்து வா. அத்தான் இடுப்பு முப்பத்தாறு, நீளம் நாற்பத்தொன்று. உன் கல்யாணத்துக்கு நான்தானே தைத்தேன். கண் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் தைத்துத் தருகிறேன். போட்டுக்கொள்ள ஆளில்லை என்று தெரியும். தைத்துத் தருகிறேன்.

கதவில் பலகையை மாற்றிவிட்டார்கள். உடன் தங்க அனுமதி அவரவர் குறிப்பிட்டவருக்கு என்று போட்டிருக்கிறது. கீழே இருந்த வரி மட்டும் அப்படியே இருக்கிறது, அதனால் நேரம் பார்த்துக் கிளம்பு. பிற உறவினர் பார்க்கும் நேரம் மாலை 4 முதல் 5 வரை. உனக்கு ஒரு மணி நேரம்தான் அக்கா. நான் இங்கேயே இருப்பேன்.

உன் தம்பி